நஞ்சைப் பிடிக்கும் துரு

எட்டாம் வகுப்பில் நீர் பற்றிய பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். வண்டலைத் தெளிய வைப்பது, வடிகட்டுவது, கொதிக்க வைப்பது, குளோரின் சேர்ப்பது என்று கரும்பலகையில் வரிசையாக எழுதிவிட்டுத் திரும்பியபோது மூன்றாவது பெஞ்சில் ஒரு கை உயர்ந்திருந்தது. அவன் மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத் மாவட்டத்துப் பையன். அப்பா கட்டட வேலைக்காக இங்கே வந்தவர். மூன்றாம் வகுப்பிலிருந்தே எங்கள் பகுதியில் படிப்பதால் தர்மபுரித் தமிழை எங்கள் பிள்ளைகளைப் போலவே பேசுவான்.

“சார், எங்க ஊர்ல தாத்தா கையெல்லாம் கொப்புளம் கொப்புளமா, சொரசொரன்னு இருக்கும். அடிபம்புத் தண்ணியாலன்னு டாக்டர் சொன்னாரு. அந்தத் தண்ணியக் கொதிக்க வச்சா குடிக்கலாமா?”

“நல்லா கொதிக்க வச்சா எந்தத் தண்ணியையும் குடிக்கலாம்ப்பா” என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

அன்று மாலை வீட்டில் தேநீர் கொதிக்கும்போதுதான் உறைத்தது. பாத்திரத்தின் அடியில் வெள்ளை வெள்ளையாக உப்பு படிந்திருந்தது. கொதிக்க வைத்தால் போவது நீர்தான், உப்பு போகவில்லை. கிருமி சாகும், கரைந்திருக்கும் தனிமம் சாகாது. அந்தப் பையன் கேட்டது ஆர்சனிக் கலந்த நீரைப் பற்றி. அதைக் கொதிக்க வைத்தால் நீர் கொஞ்சம் ஆவியாகி, மிச்சமுள்ள நீரில் ஆர்சனிக்கின் செறிவு கூடத்தான் செய்யும்.

மறுநாள் வகுப்பில் முதல் வேலையாக, “நேற்று நான் சொன்னது தவறு” என்று சொன்னேன். பையன் எழுந்து, “நான் நேத்தே பாட்டிக்கு போன்ல சொல்லிட்டேன் சார்” என்றான். அன்று மாலையே அவனை மறுபடி பேசச் சொன்னேன். நாம் வகுப்பறையில் சொல்லும் ஒரு வரி எத்தனை தூரம் போகிறது என்பது அன்று புரிந்தது.

இதில் இன்னொரு வெட்கமும் எனக்கு உண்டு. நான் பணிபுரியும் மாவட்டம் தர்மபுரி. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து, பற்களில் பழுப்புக் கறை படிந்த பிள்ளைகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்தவன் நான். ஃபுளோரைடும் கொதிக்க வைத்தால் போகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கப்பட்டதற்கே அதுதான் முக்கியக் காரணம். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு நான் அந்தப் பதிலைச் சொல்லியிருக்கக் கூடாது.

அதன் பிறகு, நீரிலிருந்து ஆர்சனிக்கை எப்படித்தான் எடுக்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். விடை நம் பாடப்புத்தகத்துக்கு மிக அருகிலேயே இருந்தது. பிளஸ் டூ வேதியியலில் வரும் பரப்புக் கவர்தலும், எல்லா வகுப்பிலும் வரும் இரும்புத் துருவும்தான் இந்தக் கதையின் நாயகர்கள். நான் புரிந்துகொண்டதை இங்கே பகிர்கிறேன்.

நிலத்தடிக்கு ஆர்சனிக் எப்படி வந்தது?

1970களில் வங்காளதேசத்திலும் மேற்கு வங்கத்திலும் மக்கள் குளம், குட்டை நீரையே குடித்து வந்தனர். காலராவும் வயிற்றுப்போக்கும் குழந்தைகளைக் கொன்றன. அதைத் தடுக்க அரசுகளும் யுனிசெஃப் போன்ற அமைப்புகளும் ஊர் ஊராக அடிபம்புகளை அமைத்தன. நோக்கம் நல்ல நோக்கம். நீரும் கிருமியில்லாமல் தெளிவாகவே வந்தது. ஆனால் அந்தக் காலத்தில் குழாய்க் கிணற்று நீரை ஆர்சனிக்குக்காகச் சோதிக்கும் வழக்கம் இல்லை.

1983இல் கொல்கத்தாவில் தோல் மருத்துவர் கே.சி. சாகா, கிராமங்களிலிருந்து வந்த நோயாளிகளின் தோலில் இருந்த மாற்றங்களுக்கு ஆர்சனிக்தான் காரணம் என்று கண்டறிந்தார். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்கரவர்த்தி 1988 முதல் ஊர் ஊராகச் சென்று நீரைச் சோதித்து, பிரச்சினையின் அளவை உலகுக்குச் சொன்னார். வங்காளதேசத்தில் 1993இல் இது உறுதியானது. உலக வரலாற்றில் இவ்வளவு பேர் ஒரே நேரத்தில் நஞ்சுக்கு ஆளானது வேறெங்கும் நடந்ததில்லை என்று 2000ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளிவந்த கட்டுரை ஒன்று குறிப்பிட்டது. பாதிப்புக்கு ஆளாகக்கூடியவர்களின் எண்ணிக்கை கோடிகளில் இருந்தது.

இந்த ஆர்சனிக் எந்தத் தொழிற்சாலையும் கொட்டியது அன்று. இமயமலைப் பாறைகள் பல்லாயிரம் ஆண்டுகளாகத் தேய்ந்து, கங்கையிலும் பிரம்மபுத்திராவிலும் வண்டலாக வந்து படிந்தன. வண்டல் மணலின் ஒவ்வொரு துகள்மீதும் மெல்லிய இரும்பு ஆக்சைடுப் பூச்சு இருக்கும். செம்மண்ணுக்குச் சிவப்பு நிறம் தருவதும் அதுவே. நீரில் இருந்த சிறிதளவு ஆர்சனிக்கை அந்தப் பூச்சு தன்மேல் பிடித்து வைத்துக்கொண்டது. அதுவரை யாருக்கும் கெடுதல் இல்லை.

அந்த வண்டலோடு இலைதழைகளும் சேர்ந்து புதைந்தன. புதைந்த தாவரப் பொருளைத் தின்னும் நுண்ணுயிரிகள் முதலில் ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. ஆக்சிஜன் தீர்ந்ததும் சில வகை நுண்ணுயிரிகள் இரும்பு ஆக்சைடைப் பயன்படுத்தத் தொடங்குகின்றன. நீரில் கரையாத இரும்பு (III) ஒடுக்கமடைந்து, கரையக்கூடிய இரும்பு (II) ஆகிறது. பூச்சு கரைந்ததும் அதன்மேல் ஒட்டியிருந்த ஆர்சனிக் நீரில் இறங்குகிறது. பெரும்பாலும் 100 மீட்டருக்கும் குறைவான ஆழத்தில்தான் இது நடக்கிறது; அடிபம்புகள் நீர் எடுப்பதும் அதே ஆழத்தில்தான்.

ஆக, நஞ்சை விடுவித்தது இரும்பு ஆக்சைடு கரைந்த நிகழ்வு. அப்படியானால் அதைத் திரும்பப் பிடிக்க என்ன வேண்டும்? மறுபடியும் இரும்பு ஆக்சைடுதான். இந்த ஒரு வரியை மாணவர்களிடம் சொல்லும்போது அவர்கள் முகத்தில் தெரியும் மாற்றத்தை நீங்களும் பார்க்க வேண்டும்.

எவ்வளவு இருந்தால் ஆபத்து?

குடிநீரில் ஆர்சனிக் ஒரு லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. இந்தியத் தர நிர்ணயமும் இதையே, லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் என்று சொல்கிறது. இந்த எண் மாணவர்களுக்கு எதையும் உணர்த்தாது. அதனால் நம் ஊராட்சி மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியைக் காட்டிக் கணக்குப் போடச் சொன்னேன். தொட்டியின் கொள்ளளவு 30,000 லிட்டர் என்றால், அனுமதிக்கப்பட்ட அளவில் அதில் இருக்கும் மொத்த ஆர்சனிக் 0.3 கிராம். ஏறக்குறைய ஒரு சிட்டிகை உப்பு. தொட்டி முழுவதற்கும் அவ்வளவுதான் எல்லை.

இந்த நஞ்சுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. குடித்தவுடன் ஒன்றும் தெரியாது. ஆண்டுக்கணக்கில் குடித்த பிறகு உடலில் மழைத்துளி தெறித்தது போன்ற புள்ளிகள் தோன்றும். உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்துச் சொரசொரப்பாகும். நீண்ட காலத்தில் தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் புற்றுநோய் வரலாம். இது தொற்றுநோய் அன்று. ஆனால் தொற்றும் என்று பயந்து, பாதிக்கப்பட்டவர்களை ஒதுக்கி வைத்ததும், பெண்களுக்குத் திருமணம் தடைபட்டதும் நடந்திருக்கின்றன. அந்தப் பையனின் தாத்தாவை நினைத்துக்கொண்டு இந்தப் பகுதியை வகுப்பில் அழுத்திச் சொன்னேன்.

உறிஞ்சுதலும் பரப்புக் கவர்தலும்

கடற்பஞ்சு நீரை இழுப்பது உறிஞ்சுதல். நீர் அதன் உள்ளே முழுவதும் பரவுகிறது. பரப்புக் கவர்தல் வேறு. அங்கே பொருள் மேற்பரப்பில் மட்டுமே ஒட்டுகிறது. சுவரில் பல்லி ஒட்டியிருப்பதைப் போல. சுவருக்குள் பல்லி போவதில்லை. சுவர் பெரிதாக இருந்தால் நிறைய பல்லிகளுக்கு இடம் உண்டு. எனவே பரப்புக் கவரும் பொருளுக்கு எடையைவிடப் பரப்பு முக்கியம்.

இதைக் கணக்காகவே செய்து பார்க்கலாம். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு மில்லிமீட்டர் கனசதுரங்களாக நறுக்கினால் 1,000 துண்டுகள் கிடைக்கும். மொத்தப் பரப்பு 60 சதுர சென்டிமீட்டர். பக்க அளவு பத்தில் ஒரு பங்கானால் பரப்பு பத்து மடங்கு கூடுகிறது. இப்படியே ஒரு நானோமீட்டர் வரை நறுக்கிக்கொண்டே போனால் மொத்தப் பரப்பு 6,000 சதுர மீட்டர். ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர்! சுண்டுவிரல் நுனி அளவுக் கட்டிக்குள் ஒன்றரை ஏக்கர் நிலம் ஒளிந்திருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் அடுக்குக்குறி விதிகளைக் கொண்டு இந்தக் கணக்கைத் தாங்களே போட்டுவிடுவார்கள்.

ஆனால் அவ்வளவு நுண்ணிய தூளை வடிகட்டியில் போட முடியாது. ஒன்று, நீரோடு சேர்ந்து தூளும் வெளியே வந்துவிடும். அல்லது சேறுபோல் அடைத்துக்கொண்டு நீரையே விடாது. இங்கேதான் நுண்துளைகள் உதவுகின்றன. கடுகு அளவிலோ மணல் அளவிலோ குருணைகளைச் செய்து, ஒவ்வொரு குருணைக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற துளைகள் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். குருணைகளுக்கு இடையே நீர் எளிதாக ஓடும். பரப்போ துளைகளின் உட்சுவர்களில் இருக்கும்.

இப்படி நெடுங்காலமாகப் பயன்பாட்டில் உள்ள ஒரு பொருள் கிளர்வூட்டப்பட்ட அலுமினா, அதாவது நுண்துளைகள் கொண்ட அலுமினியம் ஆக்சைடு. அதன் ஒரு கிராமில் 200 முதல் 300 சதுர மீட்டர் வரை பரப்பு இருக்கும். ஆண்கள் கபடி ஆடுகளம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். அதாவது 130 சதுர மீட்டர். ஒரு கிராம் அலுமினாவில் இரண்டு கபடி ஆடுகளங்கள் என்றால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். நீரிலுள்ள ஃபுளோரைடை நீக்கவும் இதே அலுமினா பயன்படுகிறது என்பது எங்கள் மாவட்டத்துக்கு நெருக்கமான செய்தி.

துளையின் அளவுக்கும் கணக்கு உண்டு. 2 நானோமீட்டருக்குக் குறைந்தவை நுண்துளைகள், 2 முதல் 50 வரை இடைத்துளைகள், 50க்கு மேல் பெருந்துளைகள் என்று பிரிப்பர். துளை மிகச் சிறியதானால் அயனி உள்ளே நுழையவே திணறும். மிகப் பெரியதானால் பரப்பு குறைந்துவிடும். பெருந்துளைகள் ஊரின் பெரிய சாலைகள் என்றால் சிறு துளைகள் வீடுகள் இருக்கும் சந்துகள். இரண்டும் வேண்டும். சந்துவரை போய்ச் சேர அயனிக்கு நேரமும் வேண்டும். அதனால்தான் வடிகட்டியில் நீரை வேகமாக ஓட விடக் கூடாது.

ஏன் ஆக்சைடு? ஏன் துரு?

பரப்பு மட்டும் போதும் என்றால் எந்தத் தூளாலும் ஆர்சனிக்கைப் பிடிக்கலாம். அப்படி நடப்பதில்லை. ஒட்டிக்கொள்ள ஒரு வேதியியல் காரணம் வேண்டும்.

நீரில் இருக்கும் உலோக ஆக்சைடின் மேற்பரப்பில் ஹைட்ராக்சில் தொகுதிகள் வரிசையாக நிற்கும். நீரின் பி.எச். மதிப்பு குறைவாக இருக்கும்போது அந்தப் பரப்பு நேர்மின்சுமை பெறும். அதிகமானால் எதிர்மின்சுமை பெறும். இரும்பு ஆக்சைடுகளுக்கு இந்த மாற்றம் பெரும்பாலும் பி.எச். 7 முதல் 8 அளவில் நிகழ்கிறது.

நீரில் ஆர்சனிக் இரண்டு வடிவங்களில் இருக்கிறது. ஆர்சனிக் (V) என்பது ஆர்சனேட். சாதாரண நீரில் இது எதிர்மின்சுமை உடைய அயனி. எனவே நேர்மின்சுமைப் பரப்பை நோக்கி எளிதில் ஈர்க்கப்படுகிறது. அங்கே போனதும் வெறுமனே ஒட்டி நிற்பதில்லை. பரப்பிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதிகளை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் தான் அமர்ந்து, தன் இரு ஆக்சிஜன் அணுக்கள் வழியாக அருகருகே உள்ள இரண்டு இரும்பு அணுக்களுடன் பிணைகிறது. கூட்டமான பேருந்தில் இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டவரை எளிதில் அசைக்க முடியாது அல்லவா? அதுபோலத்தான்.

ஆர்சனிக் (III) என்பது ஆர்சனைட். ஆக்சிஜன் இல்லாத நிலத்தடி நீரில் இதுவே அதிகம். நச்சுத்தன்மையும் இதற்குக் கூடுதல். பி.எச். 9 வரை இதற்குப் பெரும்பாலும் மின்சுமையே இல்லை. அதனால் அலுமினா இதைச் சரியாகப் பிடிப்பதில்லை. இரும்பு ஆக்சைடு இரண்டையுமே பிடிக்கும். இதுதான் துருவின் சிறப்பு. இருந்தாலும் முதலில் குளோரினாலோ மாங்கனீசு டை ஆக்சைடாலோ ஆர்சனைட்டை ஆர்சனேட்டாக ஆக்சிஜனேற்றம் செய்துவிட்டால் வேலை எளிதாகும். ஒரே தனிமத்தின் ஆக்சிஜனேற்ற எண் மாறினால் என்ன ஆகும் என்று கேட்கும் மாணவருக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

தனிம வரிசை அட்டவணையை ஒருமுறை பாருங்கள். 15ஆம் தொகுதியில் பாஸ்பரஸுக்கு நேர் கீழே ஆர்சனிக். ஆகவே பாஸ்பேட்டும் ஆர்சனேட்டும் உடன்பிறந்தவை போல. நீரில் பாஸ்பேட் நிறைய இருந்தால் துருவின் மேல் உள்ள இடங்களை அது பிடித்துக்கொள்ளும். ஆர்சனிக்குக்கு இடம் குறையும். சிலிக்கேட்டும் போட்டிக்கு வரும். எனவே ஓர் ஊரில் நன்றாக வேலை செய்த வடிகட்டி இன்னோர் ஊரில் அதே போல் வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு ஊர் நீரையும் தனியாகச் சோதிக்க வேண்டும்.

சென்னையிலிருந்து ஒரு விடை

எல்லாத் துருவும் ஒன்றல்ல. இரும்பு ஆக்சைடு வகைகளில் ஃபெர்ரிஹைட்ரைட் என்பது மிக நுண்ணிய துகள்களாலானது. பரப்பு மிக அதிகம். ஆர்சனிக்கைப் பிடிப்பதில் கெட்டிக்காரன். ஆனால் அது நிலையற்றது. நாளாக நாளாகத் துகள்கள் சேர்ந்து வளர்ந்து கோத்தைட், ஹேமடைட் போன்ற படிக வடிவங்களாக மாறிவிடும். பரப்பு குறையும், பிடிக்கும் திறனும் குறையும்.

சென்னை ஐ.ஐ.டி. வேதியியல் துறைப் பேராசிரியர் தலப்பில் பிரதீப்பும் அவரது குழுவினரும் இதற்கு வழி கண்டனர். இறால், நண்டு ஓடுகளிலிருந்து கிடைக்கும் கைட்டோசான் என்ற உயிர்ப் பலபடியின் வலைக்குள் ஃபெர்ரிஹைட்ரைட் நானோ துகள்களை அடைத்து வைத்தனர். வலை துகள்களைத் தனித்தனியே பிரித்து வைப்பதால் அவை சேர்ந்து வளர முடிவதில்லை. தயாரிப்பும் சாதாரண வெப்பநிலையில், நீரிலேயே நடக்கிறது. கிடைப்பது தூளன்று, வடிகட்டியில் நிரப்பத்தக்க குருணை. அம்ரித் என்று பெயரிடப்பட்ட இந்தத் தொழில்நுட்பம் ஆர்சனிக் பாதித்த பகுதிகளில் பயன்பாட்டுக்கு வந்தது. இதன் ஆய்வுக் கட்டுரை 2017இல் வெளியானது. பேராசிரியருக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. நம் மாநிலத்தின் ஆய்வகத்தில் பிறந்த விடை கங்கைச் சமவெளியின் கேள்விக்கு உதவியது என்று சொன்னபோது, வகுப்பில் அதிகம் மகிழ்ந்தவன் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு முன்பும் பலர் முயன்று வென்றிருக்கிறார்கள். வங்காளதேசத்தில் பிறந்த வேதியியலாளர் அபுல் ஹுசாம், இரும்பைக் கொண்டு செய்த கலவையை மணல், கரி, செங்கல் துண்டுகளோடு வாளிகளில் அடுக்கி ‘சோனோ’ வடிகட்டியை உருவாக்கினார். மின்சாரம் தேவையில்லை. அமெரிக்காவில் அதற்கு 2007இல் 10 லட்சம் டாலர் கிரெய்ஞ்சர் பரிசு கிடைத்தது. அதே போட்டியில் லீஹை பல்கலைக்கழகத்தின் அரூப் சென்குப்தா குழுவும் பரிசு பெற்றது. அவர்கள் மேற்கு வங்கத்தில் 1997 முதல் அடிபம்புகளோடு அலுமினா நிரப்பிய கலன்களை இணைத்து, அவற்றைப் பராமரிக்கும் பொறுப்பை ஊர் மக்களின் குழுவிடம் ஒப்படைத்தனர்.

வடிகட்டி எப்போது நிரம்பும்?

என்னை அதிகம் யோசிக்க வைத்த பகுதி இது. பரப்பில் இடம் இருக்கும்வரை ஆர்சனிக் பிடிபடும். இடம் தீர்ந்தால்? நீர் அதே தெளிவோடு, அதே சுவையோடு வந்துகொண்டே இருக்கும். ஆனால் நஞ்சோடு வரும். கண்ணுக்குத் தெரியாத இந்த நிலை மிக ஆபத்தானது. வடிகட்டி இருக்கிறது என்ற நம்பிக்கையில் மக்கள் குடித்துக்கொண்டிருப்பார்கள்.

இதையும் ஒரு கணக்காக மாற்றினேன். ஒரு கிராம் குருணை ஒரு மில்லிகிராம் ஆர்சனிக்கைப் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ குருணை 1,000 மில்லிகிராம் பிடிக்கும். கிணற்று நீரில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் ஆர்சனிக் இருந்தால் 10,000 லிட்டரைச் சுத்தப்படுத்தலாம். ஒரு வீட்டுக்கு நாளொன்றுக்கு 20 லிட்டர் என்றால் 500 நாள். “501ஆவது நாள் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டேன். “சார், 400ஆவது நாளே மாத்திடணும்” என்றாள் ஒரு மாணவி. சரியான விடை. குறிப்பிட்ட இடைவெளியில் நீரைச் சோதிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டோம்.

மேற்கு வங்கத்தில் அமைக்கப்பட்ட ஆர்சனிக் நீக்கும் நிலையங்கள் பலவும் சரிவரச் செயல்படவில்லை என்று ஜாதவ்பூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005இல் எழுதினர். பராமரிப்பும் மக்கள் பங்கேற்பும் இல்லாதது பெரிய குறை. வேதியியல் சரியாக இருந்தும், பூட்டைத் திறந்து குருணையை மாற்ற ஆள் இல்லையென்றால் பயனில்லை.

பயன்படுத்திய குருணையை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. அலுமினாவைச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலால் கழுவினால் ஆர்சனிக் கழன்று வரும். அலுமினாவை மறுபடி பயன்படுத்தலாம். கழன்று வந்த ஆர்சனிக்கை இரும்பு ஹைட்ராக்சைடோடு சேர்த்துத் திடக்கழிவாக்கி, காற்றோட்டமுள்ள இடத்தில் சேமிக்கிறார்கள். ஏன் காற்றோட்டம்? ஆக்சிஜன் இல்லாத குப்பை மேட்டில் புதைத்தால், கங்கைச் சமவெளியின் அடியில் நடந்த அதே கதை மறுபடி நடக்கும்: நுண்ணுயிரிகள் இரும்பைக் கரைக்கும், ஆர்சனிக் வெளியேறும். கட்டுரையின் தொடக்கத்தில் படித்த பாடம் இறுதியில் பாதுகாப்பு விதியாகிறது.

வகுப்பறையில் செய்து பார்க்க

ஆர்சனிக்கையோ அதன் சோதனைப் பெட்டியையோ பள்ளியில் தொடவே வேண்டாம். அந்தச் சோதனையில் வெளிவரும் ஆர்சைன் வாயுவும், பயன்படும் பாதரசச் சேர்மமும் நஞ்சு. கீழ்க்கண்டவை போதும்.

1. தொடக்க, நடுநிலை வகுப்புகளுக்கு: இரண்டு தம்ளர் நீரில் சில துளி நீல மை விடுங்கள். மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் கிளர்வூட்டப்பட்ட கரியைச் சம எடையில் இரண்டாகப் பிரித்து, ஒன்றை அப்படியே ஒரு தம்ளரிலும், மற்றொன்றைப் பொடித்து அடுத்த தம்ளரிலும் போட்டுக் கலக்குங்கள். பத்து நிமிடம் கழித்து வடிதாளில் வடிகட்டினால் எதில் நிறம் அதிகம் குறைந்தது என்று பிள்ளைகளே சொல்வார்கள். பரப்பின் பங்கு புரிந்துவிடும்.

2. உயர்நிலை வகுப்புகளுக்கு: நெகிழிப் புட்டியின் அடியை வெட்டித் தலைகீழாக நிறுத்தி, பஞ்சு, மணல், கரி என்று நிரப்புங்கள். மை நீரைத் தம்ளர் தம்ளராக ஊற்றி, எத்தனையாவது தம்ளரில் நிறம் கசியத் தொடங்குகிறது என்று குறித்து வரைபடம் வரையச் சொல்லுங்கள். வடிகட்டி நிரம்புவது என்றால் என்ன என்பது கண்ணால் தெரியும். பிறகு கேளுங்கள்: “மைக்கு நிறமே இல்லையென்றால் எப்படிக் கண்டுபிடித்திருப்பீர்கள்?”

3. மேல்நிலை வகுப்புகளுக்கு: ஃபெர்ரிக் குளோரைடு கரைசலில் நீர்த்த அம்மோனியா சேர்த்தால் செம்பழுப்பு நிற வீழ்படிவு வரும். அதை நன்கு கழுவி, நீர்த்த பாஸ்பேட் கரைசலில் சேர்த்துக் கலக்கி வடிகட்டுங்கள். வடிநீரிலும், பழைய பாஸ்பேட் கரைசலிலும் உப்புப் பகுப்பாய்வில் செய்வதுபோல அடர் நைட்ரிக் அமிலமும் அம்மோனியம் மாலிப்டேட்டும் சேர்த்துச் சூடாக்கி, மஞ்சள் வீழ்படிவை ஒப்பிடுங்கள். ஆர்சனேட்டின் உடன்பிறப்பைத் துரு பிடித்து வைப்பதை நஞ்சில்லாமல் காட்டிவிடலாம். அமிலத்தைக் கையாளும் பகுதியை ஆசிரியரே செய்வது நல்லது.

பாடத்தில் நான் சேர்த்த மூன்று வரிகள்

இப்போது நீர் பாடம் நடத்தும்போது கரும்பலகையில் மூன்று தலைப்புகள் எழுதுகிறேன். நீரில் மிதப்பது, நீரில் வாழ்வது, நீரில் கரைந்திருப்பது. மிதப்பதற்கு வடிகட்டுதல். வாழ்வதற்குக் கொதிக்க வைத்தல், குளோரின். கரைந்திருப்பதற்கு இரண்டும் உதவாது. என்ன கரைந்திருக்கிறது என்று சோதித்து, அதற்கேற்ற முறையைத் தேட வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் இந்தப் பிரிவு புரிகிறது.

சிறந்த வடிகட்டியைவிடவும் எளிய வழி ஒன்று உண்டு என்பதையும் சொல்கிறேன். ஆர்சனிக் எல்லாக் கிணற்றிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. நஞ்சுள்ள கிணற்றுக்குச் சில பத்து மீட்டர் தள்ளியே நல்ல கிணறு இருக்கலாம். வங்காளதேசத்தில் சுமார் 50 லட்சம் குழாய்க் கிணறுகளைச் சோதித்து, ஆபத்தானவற்றுக்குச் சிவப்பும் பாதுகாப்பானவற்றுக்குப் பச்சையும் பூசினார்கள். 150 மீட்டருக்குக் கீழே போகும் ஆழ்குழாய்க் கிணறுகளில் பொதுவாக ஆர்சனிக் குறைவு. எனவே முதலில் சோதனை, அடுத்து நல்ல கிணறு, அதுவும் இல்லாத இடத்தில் வடிகட்டி.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போன அந்தப் பையன் ஜூனில் திரும்பி வந்தான். “பாட்டி இப்ப ரெண்டு தெரு தள்ளி, டெஸ்ட் பண்ண பம்புலதான் தண்ணி பிடிக்குறாங்க சார். நான்தான் குடம் தூக்கினேன்” என்றான். தாத்தாவின் கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அப்படியேதான் இருக்கிறது என்றான். தடித்துப்போன தோலை நம்மால் மாற்ற முடியாது. அடுத்து குடிக்கும் குடத்தை மாற்றலாம்.

உங்கள் வகுப்பிலும் வெளி மாநிலத்துப் பிள்ளைகள் இருக்கலாம். ஃபுளோரைடு மிகுந்த ஊர்ப் பிள்ளைகள் இருக்கலாம். நீர் பாடத்துக்கு முன் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்: “உங்கள் வீட்டில் எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள்? அதை யாராவது சோதித்திருக்கிறார்களா?” பாடம் அங்கிருந்து தொடங்கட்டும்.